பன்னிரண்டாவது எழுத்து

தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும். யார், எது, எப்போது, எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, வாக்கியத்தின் வால்நுனியில் ஆமாவா இல்லையா என்பதை வைப்பது நம் மொழியின் பழக்கம். ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். பக்கத்திலேயே ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்றும் எழுதுங்கள். முதல் 11 எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். பன்னிரண்டாவது எழுத்தில் பிரிகின்றன. ஒன்றில் ‘ட்’, இன்னொன்றில் ‘ட’. அந்த இடத்தில் நின்றுவிட்டால் கிடைத்ததற்கும் கிடைக்காததற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு புள்ளி.

இப்போது அந்த வாக்கியத்தை செல்போன் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வையுங்கள். இடம் பத்தவில்லை என்றால் போன் என்ன செய்யும்? வாலை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். ‘விண்ணப்பம் ஏற்கப்ப…’

இங்கிலீஷில் இந்த ஆபத்து குறைவு. ‘யுவர் அப்ளிகேஷன் வாஸ் நாட் அப்…’ என்று வெட்டினாலும் ‘நாட்’ உயிரோடு இருக்கும். அந்த மொழியில் மறுப்பு வினைக்கு முன்னால் வருகிறது. நமக்குப் பின்னால் வருகிறது. தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் இதே கதைதான். வாலை வெட்டுவது என்ற வழக்கம் வால் முக்கியமில்லாத மொழியில் பிறந்தது. அதை அப்படியே எடுத்துத் தமிழில் போட்டவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்களில் பெரும்பாலோர் கலிபோர்னியாவில் இல்லை. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்.

தொப்பம்பட்டி திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பக்கம். மானாவாரிக் காடு, கிணற்றுப் பாசனம், முருங்கை, தக்காளி, ஆடு மாடு. காய் ஏறினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். இங்கே செல்போன் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய் ரொம்ப நாளாகிறது. நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவையே செல்போன் ஆப்பில்தான் போட வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். பணம் வருவது, போவது, கடன் கேட்பது, மறுக்கப்படுவது எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்தான். ஆனால் அந்தக் கண்ணாடி பெரும்பாலும் பழையது. மகன் புது போன் வாங்கியதும் அம்மாவுக்கு இறங்கி வந்தது. கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள்.

என் பெரியம்மா ஒருவர் மாட்டுக் கடனுக்குப் போட்டிருந்தார். எந்த நிறுவனத்தின் ஆப் என்பது இங்கே தேவையில்லை. போனை நீட்டி, “ஏங்கண்ணு, இது கெடச்சிருச்சா இல்லையா? பாதியிலயே நிக்குது பாரு. மாட்டுக்காரன் அட்வான்ஸ் கேக்கறான்” என்றார். திரையில் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே ‘விண்ணப்பம் ஏற்கப்ப…’ பெட்டியைத் தொட்டால் எதுவும் விரியவில்லை. படிக்கத் தெரிந்த பெண், தாய்மொழியில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, அதன் அர்த்தம் என்ன என்று இன்னொரு ஆளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்தறிவு இயக்கம் நடத்திக் கொடுத்ததை ஒரு பெட்டி பிடுங்கிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் கட்டுகிற எல்லோரும் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குள்ளேயே ‘லேஅவுட் இன்ஸ்பெக்டர்’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் திரையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி, அகலம் என்ன, உயரம் என்ன, எந்த எழுத்துரு, என்ன அளவு, எல்லாம் வரும். திரையைச் சாய்த்து அடுக்கு அடுக்காகக்கூடப் பார்க்கலாம். 2016-ல் முதலில் வந்தது. 2020-ல் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 4.0-ல், திரை மாற மாற உடனுக்குடன் காட்டும் வடிவம் வந்தது.

டெவலப்பர்கள் இந்தக் கருவியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஒரே புலம்பல்தான்: “கனெக்ட் ஆகமாட்டேங்குது மச்சி.” அந்தப் புலம்பலுக்குப் பதில் உண்டு, ரொம்பக் கஷ்டமும் இல்லை. ஆப் டீபக் வடிவத்தில் இருக்க வேண்டும். கடைக்கு அனுப்பிய ரிலீஸ் வடிவத்தை இது திறக்காது. உடனடிக் காட்சி வேண்டுமானால் போனில் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பெட்டிகளின் விவரம் வராவிட்டால் போனில் ‘டீபக் வியூ ஆட்ரிபியூட்ஸ்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டுத் திரையை மறுபடி தொடங்க வேண்டும். கம்போஸ் முறையில் கட்டிய ஆப் என்றால், ஆப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று மெட்டா-இன்ஃப் கோப்புகளைத் தூக்கி எறிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதை எறிந்துவிட்டால் கம்போஸின் உள்கட்டமைப்பைக் கருவியால் அடையாளம் காண முடியாது. அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

பெரியம்மா போனில் இருந்த ஆப்பை நான் இப்படித் திறந்து பார்க்க முடியாது. வெளியாள் பார்க்கக் கூடாது என்பது பாதுகாப்பு, அது சரிதான். ஆனால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: இந்தக் கருவியால் அந்தப் பெட்டியை ஆராயும் அதிகாரம் அதைக் கட்டியவருக்கு மட்டும்தான். அவர் பார்க்கவில்லை என்றால் வேறு யாரும் இதை வைத்துப் பார்க்க வழியில்லை.

எனவே அதே வாக்கியத்தை, அதே மாதிரிப் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு ஒரு சின்ன ஆப் கட்டிக் கருவியை இணைத்தேன். திரையில் ‘விண்ணப்பம் ஏற்கப்ப…’ கருவியின் வலதுபக்கப் பட்டியலில் ‘டெக்ஸ்ட்’ என்ற வரிக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’. முழுசாக. பிழையே இல்லாமல். கருவிக்கு எல்லாம் தெரிகிறது. நிரலுக்கு எல்லாம் தெரிகிறது. படிக்கிற மனுஷிக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கோளாறு எங்கே என்று நாம் தேட வேண்டிய இடம் இதுதான். ‘கருவி வேலை செய்யவில்லை’ என்பது சின்னக் கோளாறு. கருவி நன்றாக வேலை செய்கிறது, பெட்டியின் அளவு சரி, வாக்கியமும் சரி, ஆனால் சேதி போய்ச் சேரவில்லை என்பது பெரிய கோளாறு. அதற்குச் சிவப்பு விளக்கு எரியாது. கருவி பெட்டியை அளக்கும், வாசிப்பை அளக்காது. பட்டியலில் இன்னும் நாலு வரி கீழே போனால் ‘மேக்ஸ் லைன்ஸ்: 1’ என்றும் ‘எலிப்சைஸ்: எண்ட்’ என்றும் இருக்கும். ஒரே வரி, வாலை வெட்டு. இந்த இரண்டு வரியையும் வைத்தது கணினி இல்லை, ஒரு மனிதர். இங்கிலீஷ் வாக்கியத்தை வைத்து அழகு பார்த்துவிட்டு வைத்தார்.

வால் போவது அகலத்தில் நடக்கும் கொலை. உயரத்தில் நடப்பது இன்னொன்று.

தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் பரவும். கீ, டீ மேலே சுழிக்கும். நூ, து, ஞு கீழே இறங்கும். புள்ளி தலைக்கு மேல் நிற்கும். இங்கிலீஷ் எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்த பெட்டியில் இதை வைத்தால் தலை அல்லது கால் போகும். ஆண்ட்ராய்டில் தமிழ் ஓர் அமைப்பு மொழியாக வந்தது 2014-ல், 5.0 பதிப்பில். அதே பதிப்பில் டெவலப்பர்களுக்கு ஒரு ஸ்விட்ச்சும் வந்தது. பெயர் ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’. தமிழ் போன்ற சில எழுத்துகளுக்கு போனில் இரண்டு எழுத்துரு உண்டு: இயல்பான உயரத்தில் ஒன்று, மேலும் கீழும் அமுக்கிச் சிறுத்தது ஒன்று. ஸ்விட்ச்சைப் போட்டால் இயல்பானது வரும். போடாவிட்டால் அமுக்கியது. தானாக இருக்கும் நிலை எது? போடாத நிலை.

கவனியுங்கள். எழுத்து தன் முழு உயரத்தில் நிற்பதற்குப் பெயர் ‘எலிகன்ட்’, நேர்த்தி. நேர்த்தி வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு அமுக்கிய எழுத்து. ஏன் அமுக்கினார்கள்? ஏற்கெனவே கட்டிய பெட்டிகள் உடைந்துவிடக் கூடாதே என்று. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்று ஊரில் சொல்வார்களே, அதுவேதான்.

இது திருந்திய வேகத்தையும் பாருங்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஏற்ற வரி உயரம் என்பது 2022-ல், ஆண்ட்ராய்டு 13-ல் வந்தது. எழுத்து வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த மாற்றம் என்று கூகுளே எழுதியது. உதாரணமாக அது சொன்ன எழுத்துகளில் தமிழும் உண்டு. 2024-ல், ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்துக் கட்டும் ஆப்களுக்கு ‘நேர்த்தி’ தானாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. 2025-ல், ஆண்ட்ராய்டு 16-ல், அந்த ஸ்விட்ச்சையே கைவிட்டார்கள். அமுக்கிய எழுத்துருக்களை நிறுத்தப்போகிறோம், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், அரபு, பர்மியம் போன்ற எழுத்துகளுக்கு உங்கள் திரையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று டெவலப்பர்களுக்குச் சொன்னார்கள். 2014-லிருந்து 2025. பதினோரு வருஷம். அதுவும் புது ஆண்ட்ராய்டு, புதுப்பித்த ஆப் இரண்டும் சேர்ந்தால்தான். பழைய போனுக்கு இது வராது. கருவியின் உடனடிக் காட்சியும் ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே கிடைக்காது. எங்கே எழுத்து அதிகம் வெட்டுப்படுமோ அங்கேதான் கருவியின் கண்ணும் மங்கல்.

இயந்திரத்துக்காக எழுத்து வளைவது நமக்குப் புதிதில்லை என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். யானைத் துதிக்கை மாதிரி வளைந்த லை, ளை, ணை, னை எல்லாம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பதால்தான். பெரியார் 1935-ல் ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திக் காட்டினார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாதம். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் பெயர் போட்டு எழுதினார்கள். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, அது நம் சண்டை, நம் முடிவு. போனில் நடந்த அமுக்கலுக்கு எந்த வாதமும் இல்லை. நம் தலையைச் சீவியது நமக்கே தெரியாமல் நடந்தது. தெரிந்திருக்க வேண்டிய தமிழ் டெவலப்பர்கள் மொழியை இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

இதைச் சொன்னால் வழக்கமாக மூன்று பதில் வரும்.

முதல் பதில்: “தமிழ் நீளமான மொழிங்க, என்ன பண்ண முடியும்?” தொப்பம்பட்டி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஏழு எழுத்து. இங்கிலீஷில் எழுதினால் பன்னிரண்டு. கணினி தமிழில் எண்ணினாலும் பன்னிரண்டுதான். ‘தொ’ அதற்கு இரண்டு, ‘ப்’ இரண்டு. ‘பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது’ என்று ஒருவர் விதி எழுதினால், ஏழு எழுத்து ஊர் உள்ளே நுழைய முடியாது. நீளம் மொழியில் இல்லை, எண்ணுகிற முறையில் இருக்கிறது.

ஆனால் இதில் பாதிப் பழி நம் மேலும் விழ வேண்டும். ‘சப்மிட்’ என்ற பொத்தானுக்கு ‘சமர்ப்பிக்கவும்’ என்று ஒன்பது எழுத்து போட்டது யார்? ‘அனுப்பு’ நாலே எழுத்து. என் பெரியம்மா வாழ்நாளில் யாரிடமும் எதையும் ‘சமர்ப்பித்தது’ கிடையாது. கோயிலில்கூட ‘குடுத்துட்டு வந்தேன்’ என்பார். அலுவலகத் தமிழைத் திரைக்கு இழுத்து வந்துவிட்டு, பெட்டி பத்தலையே என்று மொழியைத் திட்டுவது நியாயமில்லை. கவிதையில் ஒரு சொல் அதிகம் என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடும் நாம், லட்சம் பேர் தினமும் தொடும் பொத்தானில் என்ன சொல் இருக்கிறது என்று கேட்டதில்லை. அது மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் வேலை என்று விட்டுவிட்டோம். மொழிபெயர்ப்பவருக்கோ திரை காட்டப்படுவதில்லை என்றால், எக்செல் தாளில் வரிசையாகச் சொற்கள் வரும், வரிசையாக நிரப்புவார். பெட்டியைப் பார்க்காமல் சொல் எழுதுகிறவர் ஒருவர், சொல்லைப் பார்க்காமல் பெட்டி கட்டுகிறவர் ஒருவர். நடுவில் படிக்கிறவர்.

இரண்டாவது பதில்: “ஆளுங்க எல்லாம் ஆப்பை இங்கிலீஷ்லதானே வச்சிருக்காங்க?” ஆமாம், வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு மாற்றிப் பார்த்தார்கள், பாதி வாக்கியம் வந்தது, பொத்தான் புரியவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். படிக்கட்டை உடைத்துவிட்டு, மாடிக்கு யாருமே வருவதில்லை, அப்புறம் எதுக்குப் படிக்கட்டு என்று கேட்கிற கணக்கு இது. மேல்சாதித் தெருவில் நடக்கவிடாமல் வைத்துவிட்டு ‘அவங்களுக்கே இந்தப் பக்கம் வர இஷ்டமில்லை’ என்று சொன்ன குரலை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம். அளவு ஒன்றில்லை, ஆனால் தர்க்கம் ஒன்றுதான்.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் நேர்மையானது: “டைம் இல்ல. ரிலீஸ் வெள்ளிக்கிழமை.” சரி, எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு ஆப்புக்கு மட்டும் மொழியை மாற்றலாம், போன் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆப்பைத் தமிழுக்கு மாற்று. போனில் எழுத்து அளவை உச்சத்துக்கு ஏற்று. ஆண்ட்ராய்டு 14 முதல் அது 200 சதவீதம் வரை போகும். இன்ஸ்பெக்டரை இணை. ஒவ்வொரு திரையிலும் ‘டெக்ஸ்ட்’ வரியில் இருப்பதையும் கண்ணாடியில் தெரிவதையும் ஒப்பிடு. வித்தியாசம் இருக்கும் இடத்தில் மூன்று விஷயம் பார்: உயரத்தை நிலையான எண்ணாகப் போட்டிருக்கிறாயா, ஒரே வரி என்று கட்டியிருக்கிறாயா, வாலை வெட்டச் சொல்லியிருக்கிறாயா. நிலையான உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்று. ஒரு வரியை இரண்டாக்கு. இரண்டு வரிக்கு இடமே இல்லை என்றால் ‘எண்ட்’ என்பதை ‘மிடில்’ என்று மாற்று. நடுவில் வெட்டி வாலை விட்டுவைக்கும்: ‘விண்ணப்பம்…வில்லை’. அழகாக இல்லைதான், ஆனால் பொய் சொல்லாது. பத்துத் திரை உள்ள ஆப்புக்கு ஒரு மத்தியான வேலை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஒரு போலி மொழியையும் சோதனைக்காக வைத்திருக்கிறது. இங்கிலீஷ் எழுத்துகளின் தலையில் குறிகள் போட்டு, வாக்கியத்தை இழுத்து நீளமாக்கிக் காட்டும். ‘அதுல டெஸ்ட் பண்ணிட்டோம்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நீளத்தை அது காட்டும். வாலில் இருப்பது ஆமாவா இல்லையா என்பதை அதனால் காட்ட முடியாது. அதைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஆள்தான் பார்க்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அதே அலுவலகத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவரும் சொல்வதில்லை. சொன்னால் ‘இது ப்ரையாரிட்டி இல்ல’ என்ற பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த மௌனத்தோடுதான் என் சண்டை. கூகுள் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டது, அதற்கு அதைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் ‘மேக்ஸ் லைன்ஸ்: 1’ என்பதைக் கூகுள் போடவில்லை. நம்மில் ஒருவர் போட்டார். தமிழ் வாழ்க என்று விளம்பரப் பலகை வைப்பது எளிது, அதில் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம். 48 அலகு உயரப் பெட்டிக்குள் ஒரு புள்ளியை உயிரோடு வைப்பதுதான் கஷ்டம். மொழிப்பற்றைச் சோதிக்க எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

எனவே ஆப் கட்டுகிற நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. ஏற்றது, மறுத்தது, பணம் போனது, போகாதது என்று முடிவு சொல்லும் வாக்கியங்கள் எல்லா ஆப்பிலும் இருக்கும். எண்ணினால் இருபது முப்பது தேறும். அவற்றில் எதையும் ஒரே வரிப் பெட்டியில் அடைக்காதீர்கள். முடிந்தால் முடிவை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘கிடைக்கவில்லை: மாட்டுக் கடன்’. தமிழ் அதற்கும் இடம் கொடுக்கும் மொழிதான். பிறகு எழுத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, அந்த இருபது முப்பது வாக்கியங்களின் கடைசி எழுத்து திரையில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் ரிலீஸை நிறுத்துங்கள். பணத்தைத் தப்பாகக் கூட்டும் ஆப்பை வெள்ளிக்கிழமை வெளியிட மாட்டீர்கள் அல்லவா? ‘இல்லை’யை மறைக்கும் ஆப்பும் கணக்கைத் தப்பாகத்தான் சொல்கிறது.